காசு கொடுப்பதற்கு முன்னால் இதைப் படி

வண்ணார்பேட்டை,
தை, 2026.

அன்புள்ள மக்கா,

ஐப்பசியில் நீ போட்ட கடிதம் இன்னும் மேஜை இழுப்பறையில் பதில் இல்லாமல் கிடக்கிறது. திட்டு, உனக்கு உரிமை இருக்கிறது. அம்மாவுக்கு முட்டுவலி தேவலை. வீட்டில் எல்லாரும் சுகம். நம் சிநேகிதன் எட்டுக்கட்டை மகளுக்கு வைகாசியில் கல்யாணம். பத்திரிகை வைக்க ஓசூருக்கே நேரில் வருகிறானாம். அவன் குரலைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடு. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாப்பாவுக்குக் கம்ப்யூட்டர் கட்டப் போவதாக நேற்று ராத்திரி ஒரு லிஸ்ட் அனுப்பினாயே, அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போனில் சொன்னால் பாதியில் "சரிலே, சரிலே" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ரைசன் 5 7600, ஏஎம்டி கம்பெனியின் நல்ல பிராசசர். எல்லாப் பாகமும் உட்காருகிற பலகை பி650 போர்டு, அதுவும் சரி. எஸ்எஸ்டி, பவர் சப்ளை எதிலும் குறை சொல்ல மாட்டேன். கடைசி வரியில் எழுதியிருக்கிறாயே, "ரேம் வீட்டில் கிடக்கிற பழைய 8+8 போதும்" என்று, அதுதான் மக்கா ஆகாது. ரேம் என்பது மெஷின் வேலை செய்கிறபோது தகவலைத் தற்காலிகமாக வைத்துக்கொள்கிற சில்லுப் பட்டை. உன் வீட்டில் கிடப்பது டிடிஆர்4 என்கிற பழைய வகை. நீ வாங்கப் போகிற போர்டு ஏஎம்5 என்கிற புதிய சாக்கெட் வகை, அது டிடிஆர்5 ரேம் மட்டும்தான் எடுக்கும். இரண்டுக்கும் 288 பின்தான், நீளமும் ஒன்றுதான். கையில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் அடியில் ஒரு சின்ன வெட்டு இருக்கிறது பார், அது இரண்டிலும் வேறு வேறு இடத்தில் இருக்கும். ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது. பாபநாசம் பஸ்ஸில் தூக்குவாளி மூடியை அழுத்தின அழுத்து இங்கே வேண்டாம். ஸ்லாட் உடைந்தால் போர்டே போச்சு.

பழைய ரேமைத்தான் போட வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. அதற்கு முந்தைய ஏஎம்4 வகை போர்டும் 5600ஜி மாதிரி ஒரு பிராசசரும் வாங்கு. இல்லை, இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறைப் பிராசசர்களுக்கு டிடிஆர்4 போர்டும் கிடைக்கும், டிடிஆர்5 போர்டும் கிடைக்கும், பார்த்து எடுக்கலாம். ஆனால் பாப்பா ஆர்க்கிடெக்சர் படிக்கிறாள், அஞ்சு வருஷம் ஓட வேண்டிய மெஷின். நான் உன் இடத்தில் இருந்தால் ஏஎம்5தான்.

விலையைச் சொல்லிப் புலம்புவாய், தெரியும். போன வருஷக் கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்து நானே வாயடைத்துப்போயிருக்கிறேன். உலகத்தில் ரேம் சில்லு செய்கிற பெரிய கம்பெனி என்றால் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றுதான். ஏஐக்காகக் கட்டுகிற டேட்டா சென்டர்களுக்கே சரக்கு போகிறது, நம்மைப் போல ஒன்றிரண்டு வாங்குகிறவனுக்கு மிச்சம்தான். அதற்காக அந்த 32 ஜிபி "சர்வர் ரேம்" மலிவாகக் கிடைக்கிறது என்று சொன்னாயே, அந்தப் பக்கமே போகாதே. அது ரெஜிஸ்டர்டு வகை. வீட்டு போர்டில் போட்டால் மெஷின் கிளம்பவே கிளம்பாது.

இவ்வளவு படபடப்பு எதற்கு என்று கேட்பாய். ஐப்பசியிலிருந்து நான் ஏன் எழுதவில்லை என்பதும் இதில்தான் இருக்கிறது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் என் போட்டோக் கடையில் இருந்த பழைய மெஷின் போனது உனக்குத் தெரியும். அதற்கப்புறம் கட்டியதுதான் இந்த 5600ஜி. 8 ஜிபி ரேம் இரண்டு, வேகம் 3200. இரண்டு வருஷம் ஒரு சத்தம் காட்டவில்லை. தீபாவளிக்கு அப்புறம் முகூர்த்த வேலை குவிந்தது. ஆல்பம் பக்கங்களைத் திறந்தாலே மெஷின் திணறியது. கம்ப்யூட்டர் கடைக்குப் போய் இன்னும் இரண்டு 8 ஜிபி கேட்டேன். வேறு கம்பெனிச் சரக்கை எடுத்து வைத்தார்கள். "3200ன்னா எல்லாம் 3200 தாம் அண்ணாச்சி" என்றார் கடைக்காரர். நானும் அட்டையில் 3200 என்று இருப்பதை மட்டும் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்தேன்.

போட்டதும் ஓடியது. 32 ஜிபி என்று காட்டியது. எனக்கு ரொம்பச் சந்தோஷம். நாலைந்து நாளில் ஃபோட்டோஷாப் தானாக மூடியது. பிறகு ஒருநாள் நீலத்திரை. வைரஸ் என்று நினைத்து விண்டோஸையே புதிதாகப் போட்டேன். ரேம் என்று தோன்றவே இல்லை, ஏனென்றால் அது "ஓடுகிறது" அல்லவா?

கார்த்திகையில் கல்லிடைக்குறிச்சியில் ஒரு கல்யாணம். பெண்ணுக்கு ஆச்சி ஒருத்தி, எண்பத்தாறு வயது. மணமேடை வரைக்கும் கையைப் பிடித்துத்தான் கூட்டி வந்தார்கள். நடுங்குகிற விரலால் பேத்திக்குத் திருநீறு பூசிவிட்டாள். நான் அடுத்தடுத்து நாலு படம் எடுத்தேன். மார்கழி முதல் வாரத்தில் அந்த ஆச்சி இறந்துபோனாள். பெண்ணின் அப்பா போன் செய்து, "அந்தத் திருநீறு பூசுத படத்தைப் பெரிசாப் போட்டுக் கொடுங்க, மாலை போடணும்" என்றார்.

ஃபைலைத் திறந்தேன். மேலே மண்டபத்து சீரியல் விளக்கு, ஆச்சியின் வெள்ளை முடி, நெற்றி, புருவம் வரைக்கும் தெளிவாக இருக்கிறது. அதற்குக் கீழே ஊதா நிறத்தில் கோடு கோடாக நாலு வரி. அதற்கும் கீழே முழுக்கச் சாம்பல். அடுத்த படமும் அப்படித்தான். நாலில் ஒன்றுகூடத் தேறவில்லை. மொத்தம் இரண்டாயிரத்துச் சொச்சம் படத்தில் கெட்டது பதினொன்று, அதில் நாலு இது. மெமரி கார்டை அழித்து அடுத்த கல்யாணத்துக்குக் கொண்டுபோயாயிற்று. வெளி டிஸ்க்கில் இன்னொரு பிரதி வைத்திருந்தேன், அதுவும் அப்படியே. கார்டிலிருந்து மெஷினுக்கு வரும்போதே கெட்டிருக்கிறது. கெட்டதைத்தான் நான் பத்திரமாக இரண்டாவது பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு ராத்திரி மெம்டெஸ்ட் என்ற புரோகிராமைப் பென் டிரைவில் போட்டு ஓட விட்டேன். விண்டோஸ் வருவதற்கு முன்னாலேயே ஓடி, ரேமில் ஒவ்வொரு இடமாக எழுதி, திரும்பப் படித்துப் பார்க்கும். விடியக்காலம் எழுந்து பார்த்தால் திரை முழுக்கச் சிவப்பு வரி. ஒவ்வொரு ரேமாகக் கழற்றிச் சோதித்தேன். இதுதான் எனக்குத் தலை சுற்றியது: பழைய இரண்டும் நல்லது, புது இரண்டும் நல்லது. நாலையும் சேர்த்துப் போட்டால்தான் தப்பு வருகிறது. கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். சரக்கில் குறை இல்லை, திரும்ப எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். குறை இல்லை என்பது வாஸ்தவம்தான், ஆனால் எந்த போர்டு, ஏற்கெனவே என்ன ரேம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

அப்புறம்தான் ஸ்டிக்கரில் இருக்கிற பொடி எழுத்தையெல்லாம் படித்தேன். நம் கணக்கு வாத்தியார் பாணியில் சொல்கிறேன், கேள். 3200 என்பது ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை தகவல் போகிறது என்பது, மில்லியன் கணக்கில். ஒரு துடிப்புக்கு இரண்டு தடவை போகும், ஆகவே நிஜமான துடிப்பு 1600. கேட்ட தகவலைக் கொடுக்க எத்தனை துடிப்பு ஆகும் என்பதுதான் சிஎல். என் பழைய ரேம் சிஎல்16, அதாவது 10 நானோ செகண்ட். புதுசு சிஎல்22, கிட்டத்தட்ட 14. பழையது 1.35 வோல்ட்டில் ஓடும், புதுசு 1.2. பயாஸில், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கிற போர்டு செட்டிங்கில், ரேமை அட்டையில் போட்ட வேகத்தில் ஓட வைக்கிற எக்ஸ்எம்பி என்று ஒன்றை நான் எப்போதோ ஆன் செய்து வைத்திருந்தேன். பழைய ரேமின் கணக்கை போர்டு நாலுக்கும் சேர்த்துப் போட்டுவிட்டது. பதினாறு துடிப்பில் பதில் சொல் என்றால் இருபத்திரண்டு கேட்கிறவன் என்ன செய்வான்? பெரும்பாலும் சொல்லிவிடுகிறான். எப்போதாவது தப்பாகச் சொல்கிறான். அந்த எப்போதாவது, ஆச்சி முகத்தில் வந்து விழுந்தது.

வீடியோ எடுத்த தம்பி எதிர்ப்பக்கம் நின்றிருந்தான். அவன் வீடியோவிலிருந்து ஒரு ஃபிரேம் பிடித்து எடுத்தேன். பக்கவாட்டு முகம்தான், கொஞ்சம் கலங்கலும்கூட. கல்லிடைக்குறிச்சிக்கு நேரிலேயே போய் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். பெண்ணின் அப்பா ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. "காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும் மக்கா. வரும் வழியில் குறுக்குத்துறையில் இறங்கி, ஆற்றைப் பார்த்துக்கொண்டு இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன்.

நீ செய்ய வேண்டியது இதுதான். 16 ஜிபி இரண்டு, ஒரே பெட்டியில் ஜோடியாக விற்பதை வாங்கு. சேர்த்து ஓட்டிப் பார்த்து ஜோடி போட்டது அது. இப்போதைக்கு ஒன்று, அடுத்த வருஷம் ஒன்று என்று நினைக்காதே. ஒன்றே ஒன்று போட்டால் ஒரு வழியில்தான் தகவல் போகும். அடுத்த வருஷம் அதே பெயரில் வாங்கினாலும் உள்ளே வேறு சில்லு இருக்கலாம், அப்போது நீயும் நான் பட்ட பாட்டைப் படுவாய். நாலு ஸ்லாட் இருக்கிறதே என்று நாலு 8 ஜிபியும் போடாதே. இந்தப் பிராசசருக்கு ஏஎம்டி சொல்லும் கணக்கே இரண்டு போட்டால் 5200, நாலு போட்டால் 3600தான். காசு இடித்தால் கண்ணாடிக் கேபினெட்டை விடு, கலர் லைட் எரிகிற ரேமை விடு. பாப்பா கோபித்துக்கொண்டால் மாமா சொன்னதாகச் சொல்.

அட்டையில் 6000, சிஎல்30, எக்ஸ்போ என்று மூன்றும் இருந்தால் நல்லது. எக்ஸ்போ என்பது எக்ஸ்எம்பி மாதிரிதான், ஏஎம்டிக்கு என்று வந்தது. 5200க்கு மேல் போவது ஏஎம்டி கணக்கில் ஓவர்கிளாக்தான், அதாவது சொன்ன வேகத்தைத் தாண்டி ஓட்டுவது, அதனால்தான் போர்டு கம்பெனி சோதித்துப் போட்ட ரேம் பட்டியல் முக்கியம், அதைக் கீழே சொல்கிறேன். 6000க்குத் துடிப்பு 3000, சிஎல்30 என்றால் அதே 10 நானோ செகண்ட். 5600, சிஎல்46 மலிவாகக் கிடைக்கும், கிட்டத்தட்ட 16 நானோ செகண்ட் ஆகும். முடியாவிட்டால் அதை வாங்கினாலும் குற்றமில்லை. வேகம் கொஞ்சம் குறையும், படம் கெடாது. பிராசசர் கூலர் பெரிதாக இருந்தால் உயரமான ரேம் அதில் இடிக்கும், அதையும் அளந்துகொள்.

பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் போடு. தொடுவதற்கு முன்னால் கேபினெட் இரும்பை ஒரு தடவை தொட்டுக்கொள். முதல் தடவை ஆன் செய்தால் திரை சில நிமிஷம் கறுப்பாகவே இருக்கும். டிடிஆர்5 தன்னைப் பழக்கிக்கொள்கிற நேரம் அது. பதறிப்போய் சுவிட்சை அணைக்காதே. உன் அவசரம் எனக்குத் தெரியும், தங்கச்சியைப் பக்கத்தில் நிறுத்திக்கொள். வந்ததும் பயாஸில் எக்ஸ்போவை ஆன் செய், இல்லையென்றால் 6000 ரேம் 4800லேயே ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் ஒரு ராத்திரி மெம்டெஸ்ட். ஒரு சிவப்பு வரி வந்தாலும் பாப்பா அதில் ஒரு வரைபடம்கூட வைக்கக் கூடாது.

போர்டுக் கம்பெனிகள், எந்த ரேமைப் போட்டுச் சோதித்தோம் என்று ஒவ்வொரு மாடலுக்கும் பட்டியல் போட்டிருக்கும். ரேம் கம்பெனிப் பெயர் போதாது, ஸ்டிக்கரில் உள்ள நீளமான பார்ட் நம்பர் எழுத்துக்கு எழுத்து அதில் இருக்க வேண்டும். கடையில் போர்டின் முழு மாடல் பெயரையும் ரேம் ஸ்டிக்கரையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. பகலோ ராத்திரியோ, உடனே பார்த்துச் சொல்கிறேன். நான் சொல்கிற வரைக்கும் காசு கொடுக்காதே.

என் மெஷினில் இப்போது பழைய இரண்டு ரேம் மட்டும்தான். திணறுகிறது, திணறட்டும். கார்டை அழிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு படத்தையும் திறந்து பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை ஆல்பம் கொடுக்கக் கல்லிடைக்குறிச்சி போகிறேன். ஆச்சி படத்தை முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வரும்போது உனக்கு அப்பளக் கட்டு வாங்கி, எட்டுக்கட்டையிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

உன்
மக்கா