கூண்டு வைக்கும் முன் ஒருமுறை எங்கள் பின்கட்டை வந்து பாருங்கள்

அனுப்புநர்:
தண்ணீர்மலை அடிவாரக் குடியிருப்பாளர்கள் சார்பில்,
கடைசி வீட்டுக்காரி,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.

பெறுநர்:
மாநில இயக்குநர் அவர்கள்,
வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை (பெர்ஹிலித்தான்),
பினாங்கு.

நகல்: பினாங்கு மாநகர் மன்றம், எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர்.

பொருள்: குரங்குகளைக் கூண்டு வைத்துப் பிடிக்கும் கோரிக்கையை நிறுத்தி வைக்கவும், குப்பைத் தொட்டி, உணவிடுதல், சாலைக் கடப்பு ஆகியவற்றில் நடவடிக்கை எடுக்கவும் வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் 31 ஆண்டுகளாக இந்த லோரோங்கில், அதாவது சந்தில், குடியிருக்கிறேன். மருத்துவமனையில் மிஸ்ஸியாக (தாதியாக) வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் லோரோங்கில் 18 வீடுகள். என் வீடு கடைசி. பின்வேலிக்கு அப்பால் ஒரு கால்வாய், அதைத் தாண்டினால் காடுதான்.

போன மாதம் ஒரு புகார் மனு வீடு வீடாகக் கையெழுத்துக்கு வந்தது. "குரங்குத் தொல்லை தாங்க முடியவில்லை, கூண்டு வைத்துப் பிடித்து அப்புறப்படுத்த வேண்டும்" என்று உங்கள் அலுவலகத்தைக் கேட்கும் மனு. நான் கையெழுத்துப் போடவில்லை. என்னைப்போல் போடாதவர்களும், போட்டுவிட்டு அப்புறம் மனம் மாறியவர்களுமாக 11 வீட்டுக்காரர்கள் சேர்ந்து இதை அனுப்புகிறோம். கையெழுத்துப் போடுகிறவர்கள் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுப் போட வேண்டும் என்பதால் தமிழில் எழுதினேன். என் பேரன் மலாயில் பெயர்த்ததை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொல்லை இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. இரண்டு வீடு தள்ளி இருக்கும் அக்காவை ஜனவரியில் ஒரு ஆண் குரங்கு மணிக்கட்டில் கடித்துவிட்டது. சந்தைக்குப் போய்விட்டு வந்தவர், கையில் சிவப்புப் பிளாஸ்டிக் பை. அதற்குள் இருந்தது கீரையும் தோல் செருப்புக்கு ஒட்டும் பசையும்தான். ஆனால் பை என்றாலே சாப்பாடு என்று அந்தக் குரங்குக்கு யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அவர் பையை விடவில்லை, அது கையை விடவில்லை. குழாயடியில் வைத்து 15 நிமிடம் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு நான்தான் அவரைக் கிளினிக்குக் கூட்டிப் போனேன். நான்கு பல் பதிந்திருந்தது. அவர் இப்போதும் பின்கதவைத் திறக்கப் பயப்படுகிறார். அவர் பயம் நியாயமானது. அவரும் இந்த மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அவர் கடிபட்ட பிறகு நான் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வாங்கி, ஆறு வாரம் தினமும் எழுதி வந்தேன். எத்தனை மணிக்கு வந்தன, எந்தப் பக்கமிருந்து வந்தன, எங்கே உட்கார்ந்தன, என்ன தின்றன, எப்போது போயின. வார்டில் நோயாளியின் சூட்டைக் குறித்து வைக்கிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. அந்த நோட்டில் தெரிந்தது இதுதான். நீண்ட வால் குரங்குக் கூட்டம், அதாவது கெரா, காலை ஏழரைக்குக் கால்வாய் ஓரமாக வரும். நேராக என் வீட்டுக்கோ அக்கா வீட்டுக்கோ வராது. லோரோங் முனையில் உள்ள அடுக்குமாடியின் குப்பைக் கூடத்துக்குத்தான் போகும். அங்கே மூன்று பெரிய தொட்டிகள். ஒன்றுக்கு மூடியே இல்லை, இன்னொன்றின் மூடி உடைந்து தொங்குகிறது. முதல் நாள் இரவே பைகளைக் கொண்டுவந்து தரையில் வைத்துவிடுகிறார்கள். குப்பை லோரி காலையிலேயே வந்து அள்ளிவிட்ட நாட்களில், கூட்டம் பத்து நிமிடத்தில் காட்டுக்குத் திரும்பிவிடும். லோரி வராத நாட்களில் மதியம் வரைக்கும் இங்கேதான். தொட்டியில் தின்று முடித்துவிட்டு, மிச்ச நேரத்துக்குத்தான் எங்கள் வீட்டுச் சன்னலைத் தட்டிப் பார்க்கின்றன. நோட்டின் நகலையும் இணைத்திருக்கிறேன். கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, சாப்பாடு போடுகிறவர்கள். சனி, ஞாயிறு மாலையில் வண்டியை ஓரம் கட்டி, கண்ணாடியை இறக்கி, ரொட்டியும் கடலையும் வீசுகிறார்கள். பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டத்தான். நம் ஆட்களில் சிலர் அனுமாருக்குக் கொடுப்பதாக நினைத்து, அர்ச்சனைத் தட்டில் மிச்சமான வாழைப்பழத்தையும் தேங்காய்ச் சில்லையும் கொடுக்கிறார்கள். அவர்கள் மனசு நல்ல மனசு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நானும் ஒரு காலத்தில் கொடுத்தவள்தான். ஆனால் ஒரு கையிலிருந்து பழம் வாங்கிப் பழகிய குரங்கு, அடுத்த கையில் பழம் இல்லாவிட்டால் பல்லைக் காட்டும். அக்காவின் மணிக்கட்டில் பட்டது அந்தப் பழக்கத்தின் கடி.

இந்த நிலையில் ஒரு கூட்டத்தைப் பிடித்துக்கொண்டு போனால் என்ன ஆகும்? தொட்டி அப்படியே இருக்கும், ரொட்டி வீசுகிற வண்டிகளும் வரும். மலைமேல் வேறு கூட்டங்கள் இருக்கின்றன, இந்தக் கூட்டம் காலி செய்த இடத்துக்கு அவை இறங்கி வரும். மறுபடி ஒரு மனு, மறுபடி ஒரு கூண்டு. போகிற உயிரும் சாதாரண உயிர் இல்லை. இந்தக் கெரா இனத்தை உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2022 முதல் அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலிட்டிருக்கிறது. தெருவில் தினம் பார்ப்பதால் நமக்குத்தான் அது மலிவாகத் தெரிகிறது.

இப்போது இந்த மனுவை எழுதவைத்த முக்கியமான காரணத்துக்கு வருகிறேன். அந்தப் புகார் மனுவில் "குரங்கு" என்று ஒரே சொல்தான் இருக்கிறது. எங்கள் பின்கட்டுக்கு வருவது இரண்டு இனம். ஒன்று கெரா. மற்றொன்று லோத்தோங் செங்கோங், இலை தின்னும் குரங்கு. மலாய்க்காரர்கள் இரண்டையும் ஒருநாளும் குழப்பிக்கொள்வதில்லை. நம்மிலும் என் அப்பா காலத்துத் தோட்டத்து ஆட்கள் பிரித்துத்தான் சொல்வார்கள். இந்த லோத்தோங்கைத்தான் அப்பா முசு என்பார். பழந்தமிழிலேயே அந்தப் பெயர் இருக்கிறது. இன்று எல்லாவற்றையும் குரங்கு என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். ஒரு பாவமும் செய்யாத முசுவும் அந்தப் பட்டியலில் ஏறிவிட்டது.

லோத்தோங் தொட்டிப் பக்கம் போய் நான் பார்த்ததில்லை. அதன் வயிறு இலைக்காகவே அமைந்த வயிறு, இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கும். ரொட்டியும் இனிப்பும் அதற்கு ஆகாது. என் வீட்டுப் பலா மரத்துக்கு மாலை ஆறரை வாக்கில் ஏழு லோத்தோங் வரும். சத்தமே இருக்காது, கிளை தாழ்ந்து எழுவதை வைத்துத்தான் வந்திருப்பது தெரியும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், சாம்பல் உடம்பு. போன ஆண்டு ஒரு தாய் குட்டியோடு வந்தது. குட்டி நல்ல மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறம், சாமந்திப்பூ மாதிரி. தாயின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு, அதன் வாயிலிருந்து தளிர் ஒன்றைப் பிடுங்கப் பார்க்கும். தாய் தலையைத் திருப்பிக்கொள்ளும். மறுபடியும் இழுக்கும். சில மாதத்தில் அந்த நிறம் மங்கிச் சாம்பலாகிவிடும் என்பதால், நான் சமையலை நிறுத்திவிட்டுக்கூட நின்று பார்ப்பேன்.

அந்தத் தாய் டிசம்பரில் செத்துப்போனது. சாலை வளைவில் முன்பு இரண்டு பக்கத்து மழைமரங்களும் நடுவில் கை கோத்துக்கொண்டு நிற்கும், லோத்தோங் கூட்டம் மேலாகவே கடந்துவிடும். கம்பிக்கு இடைஞ்சல் என்று ஒரு நாள் கிளைகளைக் கழித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவை தரைக்கு இறங்கிச் சாலையைத் தாண்ட வேண்டியதாயிற்று. தரையில் அவற்றுக்கு வேகம் பத்தாது. காலை வேலைக்குப் போகிற நேரம், ஒரு வண்டி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. நான் போனபோது குட்டி உயிரோடு இருந்தது, தாயின் மார்பை விடவே இல்லை. என் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, துண்டால் மூடித்தான் அதைப் பிரித்தெடுத்தேன். விரல்கள் எவ்வளவு சின்னவை, எவ்வளவு இறுக்கம் என்று இப்போதும் என் உள்ளங்கைக்குத் தெரியும்.

ஐயா, இதற்கு வழி இதே தீவில் இருக்கிறது. தெலுக் பகாங்கில் 2019-ஆம் ஆண்டு, பழைய பொம்பா (தீயணைப்பு) குழாய்களைப் பின்னி, சாலைக்கு மேலே லோத்தோங்குகளுக்கு ஒரு பாலம் கட்டினார்கள். லங்கூர் புரோஜெக்ட் பினாங்கு என்ற குழுவின் முயற்சி அது. எங்கள் வளைவின் அகலம் சாதாரண இரண்டு வழிச் சாலை அளவுதான், இரண்டு பக்கமும் பெரிய மரம் இன்னும் நிற்கிறது. அங்கே முடிந்தது இங்கேயும் முடியும்.

மற்ற விருந்தாளிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கால்வாயில் பியாவாக், அதாவது உடும்பு, வரும், எலியைத் தின்னும், அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. இரவில் மூசாங் (மரநாய்) பப்பாளியைத் தின்றுவிட்டுக் கூரையில் விதையைப் போட்டுப் போகும். காட்டுப்பன்றி ஒருமுறை மரவள்ளியைத் தோண்டிப் போட்டது, வேலிக்குக் கீழே சிமெண்டு பூசினோம், அப்புறம் வரவில்லை. கோழிக்கூட்டுக்குள் மலைப்பாம்பு புகுந்த அன்று பொம்பாக்காரர்களைக் கூப்பிட்டோம், வந்து பத்திரமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆக, காட்டை ஒட்டிக் குடியிருக்கிறவர்களுக்கு வழக்கமாக நடப்பதுதான் எங்களுக்கும் நடக்கிறது. தாவரவியல் பூங்கா 1884-இல் தொடங்கியது, காடு அதற்கும் முந்தியது, எங்கள் லோரோங் நேற்று வந்தது. இந்த மலை, பூங்கா, தேசியப் பூங்கா எல்லாம் சேர்த்து 12,481 ஹெக்டேரை யுனெஸ்கோ 2021-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தபோது நாங்கள் எல்லாரும் பெருமைப்பட்டோம். அந்தப் பெருமையோடு சேர்ந்துதான் இந்த விருந்தாளிகளும் வருகிறார்கள்.

எனவே நாங்கள் தங்களைக் கேட்டுக்கொள்வது:

அந்தப் புகார் மனுவின் மேல் முடிவெடுக்கும் முன், தங்கள் அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்க்க வேண்டும். எது கெரா, எது லோத்தோங் என்று பிரித்துப் பதிவு செய்து, லோத்தோங் கூட்டத்தைப் புகாரிலிருந்து முழுவதுமாக நீக்க வேண்டும். அக்காவைக் கடித்த அந்த ஒரு ஆண் குரங்கைப் பற்றித் தனியாக என்ன செய்வது என்பதைத் தாங்களே முடிவு செய்யுங்கள், அதில் நாங்கள் குறுக்கே நிற்கவில்லை. ஒன்று செய்த தப்புக்கு முப்பதைப் பிடிக்க வேண்டாம் என்பதுதான் எங்கள் வேண்டுகோள். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இவை பாதுகாக்கப்பட்ட விலங்குகள், அனுமதியில்லாமல் பிடிக்கக் கூடாது. ஆள் வைத்துச் சொந்தமாகக் கூண்டு வைக்கப்போவதாக லோரோங்கில் பேச்சு அடிபடுகிறது. அந்தச் சட்டத்தை விளக்கி எல்லா வீடுகளுக்கும் ஒரு கடிதம் அனுப்பினாலே அந்தப் பேச்சு அடங்கிவிடும்.

குரங்கு திறக்க முடியாத பூட்டு மூடித் தொட்டிகள் வைக்கச் சொல்லி அந்த அடுக்குமாடி நிர்வாகத்துக்கும், காலை ஏழு மணிக்கு முன் குப்பை அள்ள ஏற்பாடு செய்யச் சொல்லி மாநகர் மன்றத்துக்கும் தாங்கள் எழுத வேண்டும். நாங்கள் சொன்னால் வெறும் புகார், தங்கள் துறை எழுதினால் அதற்கு எடை வேறு. தொட்டிக்குப் பணம் பற்றாக்குறை என்றால் எங்கள் 11 வீடும் வீட்டுக்கு 50 வெள்ளி (ரிங்கிட்) போடத் தயாராக இருக்கிறோம்.

சாப்பாடு போடாதீர்கள் என்ற அறிவிப்புப் பலகையைத் தமிழிலும் வைக்க வேண்டும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோவிலுக்கு எங்கெங்கிருந்தோ வரும் பக்தர்களில் பெரியவர்கள் பலருக்கு மலாயோ ஆங்கிலமோ சட்டென்று படிக்க வராது. "கொடுக்கும் பழம் அதற்குக் கேடு" என்று அவர்கள் மொழியில் இருந்தால் கேட்பார்கள். வாசகம் எழுதித் தர நான் இருக்கிறேன்.

சாலை வளைவில் குழாய்ப் பாலம் ஒன்று கட்ட இடம் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் அங்கே ஒரு வேகத்தடையாவது வேண்டும். மிச்சமிருக்கும் மழைமரக் கிளைகளை யார் கழிப்பதானாலும் முதலில் தங்கள் துறையைக் கேட்டுவிட்டுத்தான் கழிக்க வேண்டும் என்று ஓர் ஏற்பாடும் வேண்டும்.

அதிகாரியை அனுப்பும்போது காலை ஏழேகாலுக்கு வரச் சொல்லுங்கள், ஏழரைக்குத் தொட்டியருகில் நடப்பதைக் கண்ணால் பார்க்கலாம். முடிந்தால் மாலை ஆறரைக்கும் இன்னொருமுறை வரட்டும், பலா மரத்தடியில் நாற்காலி போட்டு வைக்கிறேன். இப்போது வருவது ஆறு.

நன்றி.

இப்படிக்கு,
கடைசி வீட்டுக்காரி
(11 வீட்டுக்காரர்களின் கையெழுத்துகள் தனித்தாளில்)

இணைப்பு: மலாய் மொழிபெயர்ப்பு, ஆறு வாரக் குறிப்பு நோட்டின் நகல், தொட்டிகளின் படங்கள் 4, சாலை வளைவின் படங்கள் 2.