பலாலி – திருச்சி விமானம்: கிலோக் கணக்கும் ஓடுபாதையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணம் பலாலி நிலையத்துக்கும் திருச்சிக்கும் இடையே ஓடும் விமானத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு முறைப்பாடுகள் கட்டாயம் வரும். பொதிக்குத் தருகிற எடை காணாது என்பது ஒன்று, பெரிய விமானம் ஏன் விடவில்லை என்பது மற்றது. இரண்டுக்கும் விமான நிறுவனத்தின் கஞ்சத்தனம்தான் காரணம் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் விடயம் ஓடுபாதையிலும் வெயிலிலும் இருக்கிறது. அது விளங்கினால்தான் யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியும்.

2025 மார்ச் 30 அன்று இந்த வழித்தடத்தில் சேவை தொடங்கியது 78 இருக்கைகள் உள்ள ஏ.ரி.ஆர். 72 என்ற சுழல்விசிறி விமானத்துடன். பயணிகளும் பொதிகளுமாக அது சுமக்கக்கூடியது ஏறத்தாழ 7,400 கிலோ. கைப்பையோடு சேர்த்து ஆளுக்கு 75 கிலோ என்று வைத்தால் 78 பேருக்கு 5,850 கிலோ போய்விடும். மிச்சம் 1,550 கிலோ. பங்கிட்டுப் பாருங்கள், ஆளுக்கு 20 கிலோகூட முழுதாக வராது. கட்டுநாயக்காவிலிருந்து ஜெட் விமானத்தில் 30 கிலோ கொண்டுபோய்ப் பழகியவர்கள் அதையே இங்கும் எதிர்பார்த்தால், நிறைந்த விமானத்தில் 2,340 கிலோ பொதி ஏற வேண்டும். ஓடுபாதை எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஏ.ரி.ஆர். அதைத் தூக்காது.

இது விமானத்தின் உச்ச வரம்பு. பலாலியில் இருந்து புறப்படும்போது அந்த வரம்பைத் தொடுவதே பாடு. 2019 ஒக்ரோபர் 17 அன்று சர்வதேச நிலையமாகத் திறந்தபோது சீரமைக்கப்பட்டிருந்த ஓடுபாதை ஏறத்தாழ 1,400 மீற்றர். 23,000 கிலோ என்ற முழு எடையோடு எழும்ப இந்த விமானத்துக்கு 1,300 மீற்றருக்குச் சற்று மேல் தேவை. அப்படியென்றால் போதுமே என்று தோன்றும். ஆனால் அது கடல் மட்டத்தில், 15 பாகை வெப்பநிலைக்குப் போட்ட கணக்கு. எங்கள் மத்தியான வெயில் 32, 33 பாகைக்குப் போகும். சூட்டில் காற்று ஐதாகிவிடும். இறக்கைக்குத் தூக்கு விசை குறையும், இயந்திரத்தின் வலுவும் குறையும், ஓட வேண்டிய தூரம் கூடும்.

இதோடு இன்னொரு விதியும் இருக்கிறது. பாதி ஓட்டத்தில் ஓர் இயந்திரம் நின்றுபோனால், மிஞ்சிய பாதைக்குள் விமானத்தை நிறுத்த முடிய வேண்டும், அல்லது மற்ற இயந்திரத்தோடு பத்திரமாக மேலெழ முடிய வேண்டும். கணக்கு இதற்கு ஒத்துவராவிட்டால் எடையைக் குறைப்பதுதான் வழி. எரிபொருளில் கைவைக்க முடியாது. போகும் இடம் வரைக்கும், அங்கே இறங்க முடியாவிட்டால் மாற்று நிலையம் வரைக்கும், அதற்கு மேல் அரை மணி நேரம் சுற்றுவதற்கும் எரிபொருள் இருந்தே ஆக வேண்டும். ஆகவே வெட்டு விழுவது பொதியில், இல்லாவிட்டால் இருக்கையில். 15 கிலோப் பொதியோடு ஓர் ஆள் 90 கிலோ. ஆயிரம் கிலோ குறைக்க வேண்டி வந்தால் 12 இருக்கைகள் காலியாகப் போகும். அந்தச் செலவும் மற்ற 66 பேரின் கட்டணத்தில்தான் ஏறும்.

பலாலிக்கு இயற்கை தந்த ஓர் அனுகூலம் உண்டு. ஓடுபாதை வடகிழக்கிலிருந்து தென்மேற்காகக் கிடக்கிறது. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகத்திலும் சரி, வடகிழக்கிலிருந்து வீசும் வாடையிலும் சரி, விமானம் எதிர்காற்றில் ஓடிக் குறைந்த தூரத்தில் எழும்பலாம். இடையில் வரும் பங்குனி, சித்திரைதான் தொல்லை. காற்று ஓய்ந்து வெயில் ஏறும் நாட்கள் அவை. புத்தாண்டும் பாடசாலை விடுமுறையும் அப்போதுதான், ஒடியலும் பனங்கட்டியும் மிளகாய்த்தூளுமாகப் பொதி கனப்பதும் அப்போதுதான். திரும்பி வரும்போது இந்த நெருக்கடி இல்லை. திருச்சி ஓடுபாதை 2,400 மீற்றருக்கு மேல், பலாலியில் இறங்குவதற்கோ ஏறுவதைவிடக் குறைந்த தூரம் போதும். உடுப்பு எடுக்கப் போகிறவர்கள் போகும்போது இலேசாகப் போய் வரும்போது நிறைத்து வந்தால் நல்லது. கூடுதல் எடை வாங்குவதானால் வரும் பயணத்துக்கு வாங்குங்கள்.

ஆகவே முதற் கோரிக்கை நேர அட்டவணையைப் பற்றியது. பலாலியில் இருந்து காலை ஏழு, எட்டு மணிக்குள் விமானம் புறப்பட வேண்டும். ஒரு சதமும் செலவழிக்காமல் ஐந்தாறு பாகை குறையும்.

இரண்டாவது ஓடுபாதை. 2,300 மீற்றராக்கி ஏ320 போன்ற ஜெட் விமானங்களை இறக்குவது 2019இலேயே சொல்லப்பட்ட திட்டம். நடந்தால் மகிழ்ச்சி. ஆனால் வான்வழியில் ஏறத்தாழ 185 கிலோமீற்றரே உள்ள திருச்சிக்கு ஜெட் தேவையில்லை. 180 இருக்கைகளைத் தினமும் நிரப்புவது கடினம். ஏறிய கையோடு இறங்குகிற தூரத்தில் ஜெட்டின் வேகத்தால் மிச்சமாவதும் சில நிமிடங்களே. இந்த வழித்தடத்துக்கு ஏ.ரி.ஆர்.தான் பொருத்தம். அது வெயிலிலும் முழு எடையோடு எழும்ப இன்னும் 300, 400 மீற்றரும் முனைகளில் பாதுகாப்புப் பரப்பும் கிடைத்தால் போதும். முழுத் திட்டத்துக்கும் பணம் வரும் வரை காத்திராமல் இந்த அளவையாவது முதலில் செய்யலாம். சிறிய விமானத்தில் இந்தியாவுக்குப் பறப்பது பலாலிக்குப் புதிய பழக்கமுமல்ல. 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதல் சேவை கொழும்பை அடுத்த இரத்மலானையில் இருந்து காங்கேசன்துறை, அதாவது பலாலி, வழியாகத்தான் சென்னைக்குப் போனது.

திருச்சியில் விமானம் மாறி சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ போக நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தனித்தனிப் பயணச்சீட்டாக எடுத்தால் பொதி திருச்சியோடு நின்றுவிடும். அதை எடுத்து மறுபடி ஒப்படைக்கக் குடிவரவைத் தாண்டி வெளியே வர வேண்டும், அதற்கு இந்திய வீசா வேண்டும். திருச்சி இ-வீசா ஏற்கும் நிலையம்தான், ஆனால் அதைப் புறப்படும் முன்னரே எடுத்திருக்க வேண்டும். கனடா, பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நம்மவர்களுக்கும் இது பொருந்தும். இந்த விவரத்தைப் பயணச்சீட்டு விற்கும் முகவர்கள் பணம் வாங்கும் முன் சொல்ல வேண்டும், விமான நிறுவனமும் முன்பதிவுப் பக்கத்தில் தமிழில் போட வேண்டும்.

வாசகர்,
யாழ்ப்பாணம்