ஏழு மாதம் எம்பியா இருந்த டொக்டருக்கும் மற்ற எல்லாருக்கும் ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம். என்ர அக்காவின்ர மகன் போன மாதம் நியூசிலாந்துக்குப் பிளேன் ஏறிட்டான். படகில வந்தவையை அவுஸ்திரேலியா அனுப்பி வைச்ச நவுறு தீவில வருஷக்கணக்கா கிடந்து, பிறகு பிறிஸ்பேனில ஒரு ஹொட்டேல் அறைக்குள்ள பூட்டுப்பட்டு, பிறகு ஆறு மாத விசாவில இழுபட்டு, இப்பதான் "இனி ஒருத்தரும் உன்னை எழும்பிப் போ எண்டு சொல்லேலாது" எண்ட மாதிரி ஒரு பேப்பர் கையில கிடைச்சிருக்கு. அக்கா ஊரில இருந்து போனில அழுது அழுது "உதவின எல்லாருக்கும் நன்றி சொல்லிப்போடு தம்பி" எண்டவா, அதான் எழுதுறன். நீளமா வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதல்ல அவுஸ்திரேலியப் பாராளுமன்றத்தில எம்பியா இருந்த டொக்டர் கெரின் பெல்ப்ஸ். எங்கட ஆக்கள் கனபேருக்கு அவாவைத் தெரியாது, தெரிஞ்ச ஆக்களும் "அவா தோத்துப் போனவா தானே" எண்டுதான் சொல்லினம். ஓம், தோத்தவா. 2018 ஒக்ரோபர் 20 இடைத்தேர்தலில வெண்டு 2019 மே 18 பொதுத்தேர்தலில தோத்தவா, கணக்குப் பாத்தா ஏழு மாதம் கூட வடிவா வராது. ஆனா அந்த ஏழு மாதத்துக்குள்ள அவா செய்த வேலையாலதான் எங்கட பெடியனுக்கு இண்டைக்கு ஒரு காதாவது கேக்குது.

அவா சிட்னியில ஜிபி, அதாவது குடும்ப டொக்டர். டிவியில வந்து மருந்து மாத்திரை பற்றிக் கதைக்கிற டொக்டரா கன காலம் சனத்துக்குத் தெரிஞ்ச முகம். 2000ல இருந்து 2003 வரை அவுஸ்திரேலிய மருத்துவச் சங்கத்துக்குத் தலைவர், அந்தக் கதிரையில இருந்த முதல் பொம்பிளை. பிறகு சிட்னி சிற்றி கவுன்சில். 2018 ஓகஸ்டில டேர்ன்புல்லை அவரின்ர சொந்தக் கட்சியே பிரதமர் பதவியில இருந்து இறக்க, அவர் எம்பி வேலையையும் விட்டிட்டுப் போக, வென்ட்வொர்த் தொகுதி காலியாச்சு. வென்ட்வொர்த் எண்டோண்ண எங்கட சனம் வென்ட்வொர்த்வில் எண்டு நினைக்கும், அது மேற்குப் பக்கம், எங்கட ஆக்களும் மளிகைக் கடையளும் உள்ள இடம். இது பொண்டாய், டபிள் பே, வோக்ளூஸ், கடலைப் பாத்த மாளிகை வீடுகள். அதுவரைக்கும் அப்ப ஆளுங்கட்சியா இருந்த லிபரலும் அதுக்கு முந்தின தாய்க்கட்சியளும் தவிர வேற ஆரும் வெல்லாத தொகுதி. அங்க போய் சுயேட்சையா நிண்டு, "நவுறுவில இருக்கிற பிள்ளையளைக் கொண்டு வாங்கோ" எண்டு கேக்கிறதுக்குத் துணிவு வேணும்.

எல்லாம் சரியாத்தான் செய்தவா எண்டு நான் சொல்ல மாட்டன். பிரச்சாரத்தில முதல்ல லிபரலைக் கடைசியில போடுங்கோ எண்டு சொல்லிப்போட்டு, பிறகு ஆருக்கு எத்தினையாம் இடம் போடவேணும் எண்டு சனத்துக்குக் குடுக்கிற தன்ர விருப்புவாக்கு அட்டையில எதிர்க்கட்சி லேபருக்கு மேல லிபரலைப் போட்டவா, எனக்கு அண்டைக்குப் பத்திக்கொண்டு வந்தது. அங்க எல்லா வேட்பாளருக்கும் 1, 2, 3 எண்டு இலக்கம் போடவேணும், விழுந்துபோன ஆக்களின்ர வாக்கு அடுத்த இலக்கக்காரருக்குப் போகும். லிபரல் ஆள் டேவ் ஷர்மாவுக்கு முதல் வாக்கு 43 வீதம், இவாவுக்கு 29 வீதம் தான். லேபருக்கும் கிரீன்சுக்கும் போட்ட சனம் இவாவை அவருக்கு மேல போட்டதாலதான் வெண்டவா, அதுவும் தபால் வோட்டு எண்ண எண்ண முன்னிலை கரைஞ்சு கரைஞ்சு கடைசியில 1,850 வாக்கு. அப்படிப் போட்ட முகம் தெரியாத பொண்டாய் சனத்துக்கும் இதில நன்றி.

அவா வெண்டதோட அரசாங்கத்துக்குப் பெரும்பான்மை போச்சு. மெடிவாக் சட்டம், அதாவது தீவுகளில இருக்கிற நோயாளியளை வைத்தியத்துக்கு அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டு வாற சட்டம், பிறந்தது அப்பதான். அதை நீங்கள் வாசிச்சுப் பாத்தா ஒரு டொக்டர் யோசிச்சது எண்டு விளங்கும்: நவுறுவிலயோ, பப்புவா நியூகினியில அதே மாதிரி முகாம் இருந்த மனுஸ் தீவிலயோ இருக்கிற நோயாளியை ரெண்டு டொக்டர்மார் பாத்து "இங்க வைத்தியம் ஏலாது, கொண்டு வாங்கோ" எண்டு எழுதினா, அமைச்சர் 72 மணித்தியாலத்துக்குள்ள முடிவு சொல்லவேணும், மருத்துவக் காரணத்தில மறுத்தா ஒரு டொக்டர்மார் குழு திரும்பப் பாக்கும். அதுக்கு முதல் எப்படி இருந்தது எண்டு தெரியவேணுமெண்டா ஹமீத் கசாயி எண்ட ஈரானிய அகதிப் பெடியனை நினையுங்கோ. 2014ல மனுஸில காலில வந்த கிருமி, அனுமதி ஒவ்வொரு மேசையா நகர்ந்து முடிய ஆள் செத்துப்போனார், அந்தச் சாவைத் தடுத்திருக்கலாம் எண்டு 2018ல மரண விசாரணை அதிகாரியே சொன்னவர்.

டிசம்பரில வோட்டெடுப்புக்கு விடாம அரசாங்கம் நேரத்தை இழுத்தடிச்சுது. 2019 பெப்ரவரி 12ல கீழ்ச்சபையில சட்டம் 75க்கு 74 எண்டு வெண்டுது. ஒரு வோட்டு! அரசாங்கமே கீழ்ச்சபையில தோத்தது பல பத்து வருஷத்துக்குப் பிறகு. அண்டைக்கு அந்தப் பக்கம் நிண்ட அண்ட்ரூ வில்கி, கதி மக்கோவன், ஜூலியா பாங்ஸ், ரெபேக்கா ஷார்கி, அடம் பாண்ட், லேபர் எம்பிமார், செனட்டில ஓடித்திரிஞ்ச ரிம் ஸ்ரோரர் எல்லாருக்கும் நன்றி. படகு திரும்ப வரும், கள்ளனும் காவாலியும் வருவினம் எண்டு பிரதமர் கத்திக்கொண்டிருக்கேக்க வோட்டுப் போட்டவை.

இனி பேர் சொல்லேலாத டொக்டர்மார். மருமகனுக்குக் காதுக்குள்ள சீழ், அங்க கிளினிக்குக்குப் போனா பனடோலும் தண்ணி குடி எண்ட புத்திமதியும் தான். சட்டம் வர முதலே சிட்னியில ஒரு ஈஎன்ரி (காது மூக்கு தொண்டை) டொக்டர், எங்களை முன்னப்பின்னத் தெரியாதவா, இரவு வேலை முடிஞ்சு வந்து வட்ஸ்அப்பில "தம்பி, கூட இருக்கிற ஆளைக் கொண்டு போன் ரோர்ச்சை அடிச்சுக் காதை வீடியோ எடுத்து அனுப்பு, காதுக்குப் பின்னால அமத்திப் பாரு, நோகுதோ?" எண்டு கேட்டவா. அவன் நோகுது எண்டு சொல்ல, இந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை, பிறகு "எலும்புக்குப் போயிருக்கலாம்" எண்டா. சட்டம் வந்தோண்ண நவுறு அரசாங்கம் வீடியோவில நோயாளி பாக்கிறதையே தடை செய்துபோட்டுது, கெட்டித்தனத்தைப் பாருங்கோ. ஜூன் மாதம் பெடரல் கோர்ட், ஆவணங்களை வாசிச்சும் டொக்டர் முடிவு எடுக்கலாம் எண்டு தீர்ப்புச் சொல்ல, அதுக்குப் பிறகுதான் அந்த ரெண்டு கையெழுத்தும் வந்தது. ஒரு சதம் வாங்கேல்ல ஒருத்தரும். கேஸ் ஃபைல் அடுக்கின பிள்ளையளுக்கும், அந்த வழக்கை நடத்தின சட்டத்தரணிமாருக்கும் கோடி நன்றி.

அந்த வருஷம் டிசம்பர் 4ல செனட்டில 37க்கு 35 எண்டு சட்டத்தையே தூக்கிப்போட்டாங்கள். அதுக்குள்ள வந்து சேந்தது 192 பேர், எங்கட பெடியன் அதில ஒருத்தன். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா எண்டு நினைக்க இப்பவும் வயித்தைக் கலக்கும். பெல்ப்ஸ் அப்ப பாராளுமன்றத்திலயே இல்லை, ஆனாலும் சட்டத்தை எடுக்காதேங்கோ எண்டு வெளியில நிண்டு கதைச்சுக்கொண்டுதான் இருந்தவா.

பிறிஸ்பேனில ஹொட்டேல் வாசலில ஞாயிறு ஞாயிறா போர்டு பிடிச்சு நிண்ட வெள்ளைக்கார அம்மாமார், ஒப்பரேஷனுக்குப் பிறகு புட்டும் சொதியும் கட்டிக்கொண்டு போய் செக்யூரிட்டியோட சண்டை பிடிச்சு உள்ள குடுத்த எங்கட அக்காமார், விசாப் படிவம் நிரப்பின தம்பியவை, எல்லாருக்கும் அக்காவின்ர பேரிலயும் என்ர பேரிலயும் நன்றி. பேர் விடுபட்ட ஆக்கள் கோவிக்காதேங்கோ, போன் பண்ணிப் பேசுங்கோ.

ஒண்டு மட்டும் கேக்கிறன். அவனோட வந்த கொஞ்சப் பேர் இன்னும் அந்த ஆறு மாத விசாவிலதான் இஞ்ச நிக்கினம், பப்புவா நியூகினித் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில விடுபட்டவையும் இருக்கினம். இதை வாசிக்கிறவை உங்கட தொகுதி எம்பிக்கு ஒரு ஈமெயில் போடுங்கோ, எழுதத் தெரியாட்டி எனக்கு மெசேஜ் அடியுங்கோ, சேர்ந்து எழுதுவம்.