அம்மாவுக்குக் கடிதம் போட்ட அண்ணனுக்கும், மற்ற எல்லோருக்கும்

வணக்கமுங்க.

அட்வான்ஸ் கடனுக்காகத் தறிப்பட்டறையில் கொத்தடிமையாக இருந்த எல்லாக் குடும்பத்துக்கும் விடுவிப்புச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. என்மேல் கொடுத்த புகாரும் முடிந்தது. நடந்தது பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் எல்லோருக்கும் தெரியும். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

முதல் நன்றி, இந்த மீட்பு வேலையைச் செய்ய எனக்கு ஃபெல்லோஷிப் (மாத உதவித்தொகை) கொடுத்த அமைப்பில் கணக்குப் பார்க்கும் அண்ணனுக்கு. இதைப் படித்தால் 'நானா?' என்றுதான் கேட்பார்.

ஃபெல்லோஷிப் கிடைத்தபோது வீட்டில் எல்லோருக்கும் பயம். முதலாளி இல்லை, பட்டறை இல்லை, ஆனால் மாதாமாதம் பணம் வரும் என்றால் அம்மாவைப் பொறுத்தவரை அது அட்வான்ஸ். ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தறிக்காரரிடம் வாங்கி, பாக்கி தீராமல் வேறு பட்டறைக்கும் போக முடியாமல் பாதி வயசை ஓட்டியவர் அவர். அந்த மாதிரிக் கடனையெல்லாம் 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டமே ரத்து செய்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். வீட்டில் எடுபடவில்லை.

ஒருநாள் வங்கி விவரம் கேட்க அந்த அண்ணன் கூப்பிட்டபோது அம்மா எடுத்திருக்கிறார். "இந்தக் காசுக்கு எம்பட புள்ளைய எத்தன வருசம் புடிச்சு வெப்பீங்க?" என்று கேட்டாராம். அண்ணன் ஒப்பந்தத்தைக் கையில் எடுத்து, வரி வரியாகத் தமிழில் சொல்லியிருக்கிறார். "நடுவுல நின்னுட்டா?" "நின்னுக்கலாம்மா. வாங்கினதத் திருப்பித் தர வேண்டாம்." அம்மா விடுவாரா? அதையே மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறார். அப்புறம் அதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி, முத்திரை குத்தி, அம்மா பேருக்கே தபாலில் அனுப்பினார். அவர் வேலையில் இதெல்லாம் சேர்த்தியே இல்லை.

பிரச்சினை முற்றியபோது வாசலில் வந்து நின்றவர்களிடம் அம்மா சொன்னார்: "எம்புள்ள எவங்கிட்டயும் அட்வான்ஸ் வாங்கலீங்க. நீங்க கெளம்புங்க." அன்று அவர் தயங்கியிருந்தால் நான் திருப்பூர் பஸ் ஏறி ஏதாவது பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வழக்கறிஞர் தோழர்கள், சங்கத்து அண்ணன்கள், ராத்திரி சிப்டு முடித்துத் தூங்காமல் சாட்சி சொல்ல வந்த அக்காக்கள், பெட்ரோல் போட்டுவிட்ட நண்பர்கள், எல்லோருக்கும் நன்றி.

சேவைக்குச் சம்பளமா என்று சிலர் கேட்கிறார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் சும்மா செய்யலாம். தறி ஓட்டுகிற வீட்டில் வாடகையும் அரிசியும் கேட்குமே! அந்தப் பணம் வந்ததால்தான் நான் ஊரிலேயே இருந்தேன். விண்ணப்பத்தை மட்டும் தமிழிலும் வையுங்கள்; இங்கிலீஷைப் பார்த்தே பாதிப்பேர் ஓடிவிடுகிறார்கள்.

அடுத்த முறை விண்ணப்பிக்க வெப்படையிலிருந்து ஒரு தம்பியும் தங்கச்சியும் தயாராக இருக்கிறார்கள். படிவம் நிரப்ப நான் உட்காருகிறேன். அவர்கள் அம்மாக்களிடம் அந்த அண்ணன் சொன்னது போலவே வரி வரியாகச் சொல்லவும் நானே போகிறேன்.