அந்தக் குழந்தையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வைக்காதீர்கள்

பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் காவல் நிலையங்களிலும் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகங்களிலும் பணிபுரியும் அன்பர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு வகுப்பாசிரியை. என் வகுப்பில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். முதல் பீரியடிலேயே மேசையில் தலை சாய்த்துவிடுவாள். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, ராத்திரி தம்பியைத் தூங்க வைப்பதே தான்தான் என்று என்னிடம் சொல்ல அவளுக்கு மூன்று வாரம் பிடித்தது. பிறகு தலைமையாசிரியர், செவிலியர், மனநல ஆலோசகர், ஓர் அலுவலர் என்று ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொன்னாள். ஆறாவதாக இன்னோர் அலுவலர் கேட்டபோது நானும் உடனிருந்தேன். சீருடையின் பித்தானைத் திருகிக்கொண்டே, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார்" என்றாள். அவர் அதையே எழுதிக்கொண்டார். கோப்பை மூடிவிட்டார்கள்.

யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. செவிலியர் எடை குறைவதைக் குறித்து வைத்திருந்தார். என் வருகைப் பதிவேட்டில் விடுப்புகள் இருந்தன. தாயின் சிகிச்சை விவரம் வேறொரு மருத்துவமனையில் இருந்தது. வீட்டில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

இதன் விலை எவ்வளவு பெரியது என்பதை உலகம் ஏற்கெனவே பார்த்துவிட்டது. விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி, 2000 பிப்ரவரியில் லண்டனில், வளர்க்க அழைத்து வந்த உறவினரும் அவருடைய துணைவரும் செய்த கொடுமையால் இறந்தாள். சமூகநலத் துறைகளுக்கும் காவல் துறைக்கும் இரண்டு மருத்துவமனைகளுக்கும் தெரிந்த பிள்ளை அவள். இதை விசாரிக்க அரசு நியமித்த லார்ட் லேமிங்கின் அறிக்கை 2003இல் வந்தது. அவளைக் காப்பாற்ற 12 வாய்ப்புகள் கைநழுவியதை அது எடுத்துக்காட்டியது. குழந்தைகளுக்கான சேவைகள் ஒத்துழைப்பதை அங்கே 2004ஆம் ஆண்டுச் சட்டம் கடமையாக்கியது.

ஐஸ்லாந்தில் 1998இல் 'பார்னாஹுஸ்' என்ற குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தை, பயிற்சி பெற்ற ஒருவரிடம் மட்டும் பேசும். காவலரும் வழக்குத் தரப்பினரும் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரும் வேறோர் அறையிலிருந்து அதைத் திரையில் பார்ப்பார்கள். மருத்துவப் பரிசோதனையும் மனநலச் சிகிச்சையும் அதே கூரையின் கீழ். குழந்தையை அலுவலகம் அலுவலகமாக அலைய விடாமல், அலுவலர்கள் குழந்தை இருக்கும் இடத்துக்கு வருகிறார்கள். இந்த ஒரு மாற்றத்தைப் படித்த அன்று நான் வெகுநேரம் தூங்கவில்லை.

அதே ஐஸ்லாந்தில் 2021இல் ஒரு சட்டமும் வந்தது. குடும்பம் முதலில் அணுக, பள்ளியிலோ சுகாதார நிலையத்திலோ ஒரு தொடர்பாளர் இருப்பார். பல துறைகளின் உதவி தேவைப்பட்டால், அவற்றை ஒருங்கிணைக்க ஒரு பொறுப்பாளர். எனக்குப் பிடித்தது இதுதான்: 'துறை' என்று சொல்லிவிட்டுத் தப்ப முடியாது, ஒரு மனிதர் பதில் சொல்லியாக வேண்டும்.

ரகசியம் காக்க வேண்டுமே என்பீர்கள். நியாயமான கவலைதான். குடும்பத்தின் கதையெல்லாம் எல்லோருக்கும் தெரியத் தேவையில்லை. தாயின் நோயின் பெயர் எனக்கு எதற்கு? இரவில் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை என்று தெரிந்தால் போதும். பெற்றோரிடம் சொல்லிவிட்டே பகிரலாம். ஆபத்து என்று தோன்றினால் மட்டும் அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

உங்களிடம் நான் கேட்பது பெரிய கட்டடமோ புதிய துறையோ இல்லை. ஒரு குழந்தையைப் பற்றி ஆசிரியர் தகவல் தந்தால், என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை திரும்பிச் சொல்லுங்கள். அடுத்தவரிடம் அனுப்பும்போது உங்கள் குறிப்பையும் கூடவே அனுப்புங்கள். மாதம் ஒரு மணி நேரம் எல்லோரும் ஒன்றாக உட்காருவோம். முதல் கூட்டத்துக்கு இடம் என் வகுப்பறை. வருகைப் பதிவேட்டோடு காத்திருப்பேன்.

அன்புடன்,
ஒரு வகுப்பாசிரியை