வியாழன் என்று எழுதிய கைக்கு

எல்லோருக்கும் வணக்கம். ஃப்ளூ வந்து, புத்தி தடுமாறி மருத்துவமனையில் இருந்த அப்பா நேற்று வீடு வந்து சேர்ந்தார். இன்று காலை, "தேக்கா மார்க்கெட்டுக்குப் போனா கொடுவா மீன் இருக்கான்னு பாரும்மா" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்காக நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும்.

மருத்துவர்கள், தாதியர், தினமும் கஞ்சி கொடுத்தனுப்பிய மூன்றாம் மாடி மலாய் அக்கா, எனக்காக ஷிஃப்ட் பார்த்த தோழிகள், கோயிலில் அர்ச்சனை செய்த சித்தி எல்லோருக்கும் நன்றி. ஆனால் இந்த மடல் வார்டைத் துப்புரவு செய்யும் சீன ஆன்ட்டிக்குத்தான்.

ஃப்ளூ நெஞ்சோடு நின்றுவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். கிருமி மூளைக்குள் போகவே வேண்டாமாம். அதை எதிர்த்து உடம்பு கிளப்பும் அழற்சியும் ஆக்சிஜன் குறைவும் சேர்ந்தாலே முதியவர்களுக்குப் புத்தி தடுமாறிவிடும். டெலிரியம் என்கிறார்கள். சிலருக்குக் காய்ச்சலே பெரிதாக இருக்காது, திடீர்க் குழப்பம்தான் முதல் அறிகுறி. வயதாகிவிட்டது, அப்படித்தான் பேசுவார் என்று ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

வார்டில் என்னைத் தன் அக்கா என்றே நினைத்தார். ட்ரிப்ஸைப் பிடுங்கினார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுவிடுங்கள், நாளையும் இடத்தையும் சொல்லிக்கொண்டே இருங்கள் என்றார் தாதி. கிழமைகளை ஏழு அட்டைகளில் தமிழில் எழுதினேன், பின்பக்கம் ஆங்கிலம். தினமும் நான் வருவதற்குள் யாரோ அன்றைய அட்டையை எதிர்ச் சுவரில் மாட்டியிருப்பார்கள்.

வியாழனன்று மட்டும் சுவரில் என் அட்டை இல்லை. அது சூப்பில் நனைந்து ஊறிக் கிடந்தது. அதைப் பார்த்து ஒரு வெள்ளைத்தாளில் நீலப் பேனாவால் யாரோ வரைந்திருந்தார்கள். 'ழ'வின் வால் தவறான பக்கம் சுழித்திருந்தது, 'ன்' மேல் புள்ளி மிளகளவு. அப்பா வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "வியாழன். யாரு எழுதினது? ழ சரியில்லையே."

ஆறு நாளில் அவர் தெளிவாகப் பேசிய முதல் பேச்சு அது. நான் அழுதுவிட்டேன். ஆன்ட்டி மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, "ஓகே ஆ?" என்று தாளைக் காட்டிக் கேட்டார்.

65 வயதைத் தாண்டியவர்கள் ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று இங்கே சிங்கப்பூரில் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். தள்ளிப்போட்டது நான். இனி ஒரு வருடமும் தவறாது.

ஆன்ட்டிக்குத் தமிழ் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன் சீனத்தில் நன்றி என்று எழுதித் தந்திருக்கிறான். இரண்டு நாளாகப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு போய் அவர் கையிலேயே கொடுக்க வேண்டும்.