அறுவைக்கு அப்புறம் எலும்பை யார் பார்ப்பது?

மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். நான் திருநங்கை, வயது 36. இரண்டு வருடத்துக்கு முன் அரசலாற்றுப் படித்துறையில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு முறிந்தது. எலும்பு அடர்த்தியைக் காட்டும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், "உன் எலும்பு மாதவிடாய் நின்று பல வருஷம் ஆன அம்மாவுக்கு இருப்பதுபோல இருக்கிறதே" என்றார்.

எனக்கு நிர்வாணம், அதாவது பெண்ணாக மாறும் அறுவை, ஆனது 21 வயதில். விதைகளை எடுத்த பிறகு ஆண் ஹார்மோன் அடங்கிவிட்டது. பெண் ஹார்மோன் எடுத்துக்கொள் என்று சொல்ல யாரும் இல்லை. ஆறு வருடம் இரண்டும் இல்லாமல் வயல் வேலைக்குப் போனேன். ஆணோ பெண்ணோ, எலும்பைக் காப்பதில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆண் உடம்பிலும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரானில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறித்தான், எலும்பு நீளக் காரணமான வளர்ச்சித் தட்டை மூடுகிறது. எலும்பு கெட்டிப்படுவது இருபதுகளின் கடைசிவரை நடக்கும். சேர்த்து வைக்க வேண்டிய அந்த வயதில் நான் இழந்துகொண்டிருந்தேன். இதெல்லாம் கை முறிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹார்மோன் மாத்திரை போட்டால் தோள் குறுகும், இடுப்பெலும்பு விரியும் என்று நம்பும் பிள்ளைகள் எங்களிடம் நிறைய. வளர்ச்சித் தட்டு மூடிய பிறகு எலும்பின் அளவு மாறாது. கொழுப்பும் சதையும்தான் இடம் மாறும். பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பித் தம்பிகளுக்கும் அப்படித்தான், அதற்கப்புறம் ஆண் ஹார்மோன் ஊசி போட்டாலும் உயரம் கூடாது. இதை எடுத்துச் சொல்ல ஆளில்லாததால், மெடிக்கல் கடையில் கருத்தடை மாத்திரை வாங்கி இரண்டு மூன்றாக விழுங்குகிறார்கள். காலில் ரத்தம் உறையும் ஆபத்து அதில் இருக்கிறது. கேட்கவே வயிறு கலங்குகிறது.

திருநங்கையருக்கு நல வாரியம் 2008இலேயே அமைத்த மாநிலம் இது. திருநர் உரிமைகளைக் காக்க வந்த 2019 மத்தியச் சட்டமும் ஹார்மோன் சிகிச்சையையும், அதற்கு முன்னும் பின்னும் ஆலோசனையையும் அரசின் கடமை என்கிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மாதம் ஒரு நாளாவது எங்களுக்கென்று ஒதுக்குங்கள். அறுவைக்கு முன்பே எலும்பு அடர்த்தியையும் வைட்டமின் டி அளவையும் பாருங்கள். அறுவைக்குப் பின் ஹார்மோன் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னைக்குப் போய்வர எங்களில் பலருக்கு இரண்டு நாள் கூலி போய்விடும்.

எனக்கு மகளாக வந்த சேலாவுக்கு 20 வயது. அடுத்த மாதம் அவளுக்கு அறுவை. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் சீட்டில், எந்த மாத்திரையை எந்தத் தேதியில் தொடங்க வேண்டும் என்று தமிழில் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கும்பகோணம் வட்டாரத் திருநங்கை ஒருத்தி